அகத்தித் தீவுக்கு ஏயா, எஃபா? சேலத்துக்காரர்களுக்கு ஒரு ஜன்னல் சீட்டு வழிகாட்டி

அம்மாவை முதல் தடவை லட்சத்தீவுக்கு அழைத்துப் போனபோது ஜன்னல் சீட்டுக்கென்று தனியாகப் பணம் கட்டி, இடப்பக்க ஜன்னலான ஏ சீட்டில் உட்கார வைத்தேன். அகத்தி நெருங்கி விமானம் தாழ வந்ததும் வலப்பக்கம் இருந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் ஜன்னல் பக்கம் சாய்ந்தார்கள். யாரோ "அடேயப்பா" என்றார். எங்கள் பக்கம் கருநீலத் தண்ணீர், அதன் மேல் ஒரு மேகத்தின் நிழல், அவ்வளவுதான்.

"என்னடா கண்ணு, அந்தப் பக்கம் எல்லாரும் எட்டி எட்டிப் பாக்கறாங்க, நமக்கு வெறும் தண்ணியாவே வருது?" என்று கேட்டார் அம்மா. பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

தப்பு என்னுடையது. "இடப்பக்கம் உட்கார்ந்தால் பவளத்தீவு நன்றாகத் தெரியும்" என்று எங்கோ படித்ததை அப்படியே நம்பியிருந்தேன். எழுதியவர் பொய் சொல்லவில்லை. அவர் போன நாளில் விமானம் ஒரு திசையில் இறங்கியது, நாங்கள் போன நாளில் எதிர்த் திசையில் இறங்கியது. ஏற்காடு பஸ்ஸில் போகிற யாருக்கும் இது புரியும். அடிவாரத்தில் ஏறும்போது பள்ளத்தாக்கு எந்தப் பக்கம் என்று கேட்டால் நாம் சிரிப்போம். மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றிலும் பள்ளத்தாக்கு பக்கம் மாறும். பஸ் எந்தத் திசை பார்த்து நிற்கிறது என்று தெரிந்தால்தான் எந்த ஜன்னல் என்று சொல்ல முடியும். விமானத்துக்கும் அதே கணக்குதான். இடமா வலமா என்று தொடங்காமல், வடக்கா தெற்கா என்று தொடங்க வேண்டும்.

ஓடுபாதையின் எண்ணைப் படியுங்கள்

ஒவ்வொரு ஓடுபாதைக்கும் இரண்டு முனை, இரண்டு எண். அந்த எண்ணோடு ஒரு பூஜ்யம் சேர்த்தால் விமானம் ஓடும் திசை கிடைக்கும், திசைகாட்டியின் பாகைக் கணக்கில். 04 என்றால் 40 பாகை, அதாவது வடகிழக்கு நோக்கி. அதே பாதையின் மறு முனை 22, அதாவது 220 பாகை, தென்மேற்கு நோக்கி. இரண்டு எண்ணுக்கும் வித்தியாசம் எப்போதும் 18. 09/27 என்றால் கிழக்கு மேற்கு, 18/36 என்றால் தெற்கு வடக்கு.

இதில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. ஓமலூர் பக்கத்தில் இருக்கும் நம்ம கமலாபுரம் விமான நிலையத்தின் ஓடுபாதை 04/22. அகத்தியின் ஓடுபாதையும் 04/22. அந்தமானில் போர்ட் பிளேரும் 04/22. மூன்றும் ஒரே சாய்வில் கிடக்கின்றன. கமலாபுரத்தில் ஒரு தடவை இறங்கிப் பழகியவருக்குத் தீவில் எந்தப் பக்கம் எது வரும் என்று யோசிப்பது பாதி முடிந்த மாதிரி.

தாளில் ஒரு கோடு போடுங்கள்

செல்போனில் வரைபடத்தைத் திறந்து செயற்கைக்கோள் காட்சிக்கு மாற்றி, தீவை நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். அழகு எந்தப் பக்கம் என்று அதிலேயே தெரிந்துவிடும்.

அகத்தி ஒரு மெலிந்த, நீளமான தீவு. விமான நிலையம் அதன் தெற்கு ஓரத்தில் இருக்கிறது. 1,200 மீட்டருக்குச் சற்று அதிகமான நீளம்தான் ஓடுபாதை. கமலாபுரத்திலேயே 1,800 மீட்டர் என்று நினைத்துப் பார்த்தால், இது எவ்வளவு சின்னது என்று புரியும். லட்சத்தீவுகளில் பெரும்பாலானவை பவள வளையத்தின் கிழக்கு விளிம்பில் உட்கார்ந்திருக்கும். வளையத்துக்குள் அடங்கிய ஆழமில்லாத கடல், அதாவது லகூன், மேற்கே இருக்கும். அகத்தியும் அப்படித்தான். மேற்கே பச்சையும் வெளிர்நீலமுமாக லகூன், அதன் ஓரத்தில் அலை உடையும் வெள்ளைக்கோடு. கிழக்கே கொஞ்ச தூரத்திலேயே ஆழ்கடல் ஆரம்பமாகிவிடும். நாங்கள் பார்த்த கருநீலம் அதுதான்.

இப்போது தாளில் தென்மேற்கிலிருந்து வடகிழக்குக்கு ஒரு சாய்வுக் கோடு போடுங்கள். கோட்டின் மேற்குப் பக்கத்தில் "லகூன்" என்று எழுதுங்கள். கோட்டின் கீழ் முனையில் விரலை வைத்து மேலே நகர்த்தினால் அது 04இல் இறங்குவது. லகூன் உங்கள் இடது கையில் வரும், ஆகவே ஏ. மேல் முனையிலிருந்து கீழே நகர்த்தினால் அது 22. தாளையும் திருப்பிப் பிடித்துப் பாருங்கள், லகூன் வலது கைக்கு மாறியிருக்கும், ஆகவே எஃப். தாளைத் திருப்பாமல் மனக்கணக்கில் போட்டால் பத்தில் எட்டுப் பேர் தப்பாகத்தான் சொல்வார்கள். நானும் அந்த எட்டில் ஒருவன்.

கொச்சியிலிருந்து வரும் விமானம் மேற்கு நோக்கிப் பறந்து அகத்தியை நெருங்குகிறது. 04இல் இறங்க வேண்டுமென்றால் தீவைத் தாண்டிப் போய்த் திரும்ப வேண்டும். தீவின் தெற்கே போய்த் திரும்பினால், சில நிமிடம் வலப்பக்கத்துக்காரர்களுக்கும் தீவு முழுசாகத் தெரியும். 22இல் இறங்கினால் வடகிழக்கிலிருந்து வரும். பங்காரம் தீவு இருப்பது அந்தத் திசையில்தான். இறங்குவதற்குக் கொஞ்சம் முன்பே பார்வையை அங்கே வைத்திருங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். விமானம் திரும்பும்போது எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்க இறக்கை தாழும். தாழ்ந்த பக்கத்துக்குத் தரை தெரியும், எதிர்ப் பக்கத்துக்கு வானம்தான். படம் எடுக்க வேண்டிய நேரம் அந்தச் சாய்வு நேரம்.

காற்று எங்கிருந்து வீசுகிறது?

04ஆ 22ஆ என்பதைக் காற்றுதான் முடிவு செய்கிறது. விமானம் எதிர்க்காற்றில் இறங்கவும் ஏறவும்தான் விரும்பும். எதிர்க்காற்று இருந்தால் குறைந்த வேகத்தில் தரையைத் தொடலாம், குறைந்த தூரத்தில் நிற்கலாம். அகத்தி மாதிரிச் சின்ன ஓடுபாதையில் இது விளையாட்டுக் காரியம் இல்லை. ஆகவே தென்மேற்கிலிருந்து காற்று வீசினால் 22, லகூன் வலப்பக்கம். வடகிழக்கிலிருந்து வீசினால் 04, லகூன் இடப்பக்கம்.

காற்று எப்போதும் பருவக்காற்றின் பெயருக்கு ஏற்ற மாதிரியே வீசும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஜனவரியிலும் காற்று வடமேற்குக்குத் திரும்பும் நாட்கள் உண்டு. இரண்டு வேலை செய்யுங்கள். பயணத்துக்கு மூன்று நாள் முன்பிருந்து வானிலைச் செயலியில் அகத்தியின் காற்றுத் திசையைக் கவனியுங்கள். "வடகிழக்குக் காற்று" என்றால் வடகிழக்கிலிருந்து வருகிற காற்று, அந்தத் திசைக்குப் போகிற காற்று அல்ல. அப்புறம் விமானங்கள் பறந்த பாதையைக் காட்டும் ஃபிளைட்ரேடார்24 போன்ற செயலியில் அதே விமானம் நேற்றும் முந்தாநாளும் எந்தப் பக்கமிருந்து இறங்கியது என்று பாருங்கள். கடைசிச் சில நிமிடங்களுக்கு எப்போதாவது கோடு விட்டுப்போயிருக்கும், ஆனாலும் எந்தத் திசையில் வளைகிறது என்று தெரிந்துவிடும். மூன்று நாளும் ஒரே திசையில் இறங்கியிருந்தால் தைரியமாகக் காசு கட்டலாம்.

வெயிலையும் கணக்கில் எடுங்கள்

பக்கத்தைச் சரியாகப் பிடித்துவிட்டு நேரத்தில் கோட்டை விடுபவர்கள் நிறையப் பேர். லகூனின் நிறம் தண்ணீரில் இல்லை, அடியில் கிடக்கும் வெள்ளைப் பவள மணலில் இருக்கிறது. வெயில் மேலிருந்து இறங்கி, மணலில் பட்டு, திரும்பி மேலே வர வேண்டும். போகிற வழியில் தண்ணீர் சிவப்பை விழுங்கிவிடும், மிச்சமிருக்கும் பச்சையும் நீலமும்தான் நம் கண்ணுக்கு வரும். சூரியன் தாழ்வாக இருந்தால் ஒளி மேற்பரப்பிலேயே வழுக்கிக்கொண்டு போய்விடும், கடல் தகரத் தகடு மாதிரி மின்னும். மேகம் மூடியிருந்தால் எல்லாமே சாம்பல்.

ஆகவே காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 2 மணி வரை இறங்கும் விமானம் கிடைத்தால் அதை எடுங்கள். அகத்தி நமக்கு நன்றாக மேற்கே இருப்பதால், சூரியன் அங்கே உச்சிக்கு வருவது பகல் 12.40 வாக்கில். சேலத்தைவிட 20 நிமிடத்துக்கு மேல் தாமதம். ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கும், லகூன் அப்போது இருக்கிற அழகை எழுதிப் புரியவைக்க முடியாது. டிசம்பரில் உச்சி வேளையிலும் சூரியன் தெற்கே சாய்ந்தே இருக்கும். கொச்சியிலிருந்து மேற்கே போகும் விமானத்தில் தெற்கு என்பது இடப்பக்கம், கண் கூசும். வலப்பக்கத்தில் வழி முழுக்க வானமும் கடலும் தெளிவாக இருக்கும். ஒன்றரை மணி நேரப் பயணமா, கடைசி ஐந்து நிமிட லகூனா என்று வந்தால் நான் லகூனைத்தான் எடுப்பேன், கண் கூசினாலும் சரி.

வெயிலின் வித்தியாசத்தைப் பழக ஏற்காட்டு லேடீஸ் சீட்டைவிட நல்ல இடம் தெரியவில்லை. மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில் அங்கே நின்றால் சேலம் நகரம் வீடு வீடாகத் தெரியும். அதே இடத்தில் மே மாத மத்தியானம் நின்றால் ஊர் பால் கலந்த மாதிரி மங்கிக் கிடக்கும். சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து ஒரு படம், எதிரில் வைத்து ஒரு படம் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஜன்னல் தேர்வில் பாதி விஷயம் அந்த இரண்டு படத்திலேயே இருக்கிறது.

எந்த வரிசை?

அகத்திக்குப் போவது ஏடிஆர் வகை, காற்றாடி வைத்த சின்ன விமானம். கமலாபுரத்துக்கு வருவதும் அதே வகைதான். ஒரு வரிசைக்கு நாலு பேர், ஏ, சி, டி, எஃப். பி, ஈ என்ற எழுத்தே இருக்காது, ஏவும் எஃப்பும் ஜன்னல். இதன் இறக்கை உடம்புக்கு மேலே இருக்கிறது. கீழே பார்ப்பதற்கு இறக்கை குறுக்கே வராது. வேடிக்கை பார்ப்பதற்கென்றே செய்த மாதிரி. பறக்கும் உயரமும் பெரிய விமானத்தில் பாதிதான், வழியெல்லாம் எதையாவது பார்த்துக்கொண்டே போகலாம்.

ஆனால் முன்பகுதியில் காற்றாடியும் இன்ஜினும் ஜன்னலுக்கு நேரே நிற்கும், சத்தமும் அங்கேதான் அதிகம். நடுவில் உட்கார்ந்தால் சக்கரம் இறங்கி நிற்பது தெரியும். குழந்தைகளுக்கு அது பிடிக்கும், படத்துக்கு இடைஞ்சல். பின்பக்கம் மூன்றில் ஒரு பங்கு வரிசைகள்தான் என் தேர்வு. இன்ஜினும் சக்கரமும் முன்னாலேயே நின்றுவிடும், கீழே எல்லாம் திறந்த வெளி. ஏறி இறங்கும் கதவும் பின்னால் இருப்பதால் முதலில் இறங்கி ஓடுபாதையோரக் கடலை நின்று பார்க்கலாம்.

சின்ன விமானத்தில் எடையைச் சமன் செய்வதற்காகக் கடைசி நேரத்தில் ஆட்களை இடம் மாற்றி உட்காரச் சொல்வதுண்டு. அப்போது வாதாட வேண்டாம், அது பாதுகாப்புக் காரியம். "அதே பக்கத்திலேயே ஒரு ஜன்னல் கொடுங்கள்" என்று மட்டும் கேளுங்கள், இருந்தால் தருவார்கள்.

பெரிய ஏர்பஸ் அல்லது போயிங்கில் கதை வேறு. இறக்கை கீழே இருக்கிறது, ஒரு வரிசைக்கு ஆறு பேர். நடு வரிசைகளில் ஜன்னலைத் திறந்தால் இறக்கைதான் காட்சி. முன்னால் ஏழாவது வரிசைக்குள், இல்லையென்றால் நன்றாகப் பின்னால். பின்னால் உட்கார்ந்தால் இன்ஜினின் சூட்டுக்காற்றில் முன்பக்கக் காட்சி அலை பாயும், படத்தில் அது நன்றாகவே தெரியும். போயிங் 737இல் இறக்கைக்கு முன்னால் ஒரு வரிசைக்கு ஜன்னலே இருக்காது, வெறும் சுவர். சீட்டு வரைபடத்தில் அதுவும் ஜன்னல் சீட்டு என்றே விற்பனைக்கு வரும்.

முன்பதிவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டிக்கெட் எடுக்கும்போதே காசு கட்டி வாங்கினால் நல்ல வரிசை கிடைக்கும். காத்திருந்தால் இணையச் செக்-இன் திறக்கும்போது மிச்சம் மீதிதான். காற்று தெரியாமல் முன்கூட்டியே எடுக்க வேண்டிய நிலைமை வந்தால், இரண்டு பேர் போகிறீர்கள் என்றால் ஏ ஒன்று, எஃப் ஒன்று என்று எடுங்கள். நடுவில் இரண்டு சீட்டும் ஒரு நடைபாதையும்தானே, இறங்கும் நேரம் தெரிந்துகொண்டு ஒருவர் எட்டிப் பார்த்துக்கொள்ளலாம். தீவுக்குப் போக லட்சத்தீவு நிர்வாகத்தின் நுழைவு அனுமதி வேண்டும், அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்புறம் சீட்டைப் பற்றிக் கவலைப்படுங்கள்.

ஒத்திகை: கமலாபுரம்

2023 அக்டோபரில் கமலாபுரத்தில் மறுபடி விமானங்கள் இறங்க ஆரம்பித்தன. அட்டவணை அடிக்கடி மாறுவதால் கொச்சிக்கு நேர் விமானம் இருக்கிறதா என்று பயணத் தேதிக்குப் பாருங்கள். இல்லையென்றால் ராத்திரி ரயிலில் சேலத்தில் ஏறி ஆலுவாவிலோ அங்கமாலியிலோ இறங்கினால் நெடும்பாசேரி விமான நிலையம் பக்கம்தான். ஆனால் எப்போதாவது சென்னைக்கோ வேறு ஊருக்கோ கமலாபுரம் வழியாகப் போக வேண்டி வந்தால், அதைத் தீவுப் பயணத்துக்கு ஒத்திகையாக வைத்துக்கொள்ளுங்கள்.

விமான நிலையத்துக்குக் கிழக்கே சேர்வராயன் மலை, மேற்கே மேட்டூர் அணை. சென்னையிலிருந்து வந்து 22இல் நேரே இறங்கினால் தென்மேற்கு நோக்கிப் போகிறோம், சேர்வராயன் இடப்பக்கம். ஏ ஜன்னலில் மலையின் மடிப்புகள் நம்மோடு ஒரே உயரத்தில் வருகிற மாதிரி இருக்கும், சேர்வராயன் உச்சி 1,600 மீட்டரைத் தாண்டும் அல்லவா. 04இல் இறங்கினால் எல்லாம் புரண்டுவிடும். மலை எஃப் பக்கம், கஞ்சமலையும் எஃப் பக்கம், வெள்ளைக்கல் சுரங்கங்களின் வெளுத்த குழிகளும் எஃப் பக்கம். ஏ பக்கத்துக்கு மேட்டூர் நீர்த்தேக்கம் தூரத்தில் ஒரு பளபளப்பு, அதுவும் வானம் சுத்தமாக இருந்தால்.

ஏறுவதற்கு முன் தாளில் கோடு போட்டு, "மலை இந்தப் பக்கம் வரும்" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி வையுங்கள். சரியாக வந்தால் அகத்திக்குத் தயார். இங்கே மலை இருக்கிற இடத்தில் அங்கே ஆழ்கடல், இங்கே மேட்டூர் இருக்கிற இடத்தில் அங்கே லகூன், மற்றபடி கோடு ஒன்றேதான்.

வேறு தீவுக்குப் போனால்

2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேரில் காற்றுக் கணக்கு அவ்வளவாகத் தேவைப்படாது. ஓடுபாதையின் ஒரு முனைப் பக்கம் மேட்டு நிலம் இருப்பதால் பெரும்பாலும் 04இல் இறங்கி, எதிர்த் திசையில் 22இல் ஏறுகிறார்கள். இறங்கும்போது இடப்பக்கம் வண்டூர் கடல் பூங்காவின் குட்டித் தீவுகள், வலப்பக்கம் ரட்லண்ட் தீவும் சிடியா டாப்புக் காடும். இரண்டுமே நல்ல காட்சி என்பதால் சண்டைக்கு வேலையில்லை. செல்லுலார் சிறை இறங்கும் வழியில் வராது. இங்கே ஓடுபாதை கடற்படைத் தளத்தோடு சேர்ந்தது, படம் எடுக்கத் தடை உண்டு. செல்போனைப் பையில் போட்டுவிட்டுக் கண்ணால் பாருங்கள்.

மாலத்தீவின் தலைநகர விமான நிலையம் ஹுல்ஹுலே தீவில், 18/36. மாலே நகரம் அதற்கு மேற்கே, பவள வளையத்தின் உட்பக்கமும் மேற்கே. ஆகவே மேற்கு எந்தப் பக்கம் வருகிறதோ அந்தப் பக்கம். வடக்கு நோக்கி 36இல் இறங்கினால் ஏ, தெற்கு நோக்கி 18இல் இறங்கினால் எஃப். அடுக்குமாடி அடைத்த மாலே நகரமும், 2018இல் திறந்த கடல் பாலமும் அந்தப் பக்கத்தில்தான்.

உட்கார்ந்த பிறகு

போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள். விமான ஜன்னல் ஒருவகை பிளாஸ்டிக், அந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் வானவில் மாதிரித் திட்டுத் திட்டாக நிறம் தெரியும். கேமராவில் அதே வகை வடிகட்டி இருந்தாலும் இதே கதி. செல்போனை ஜன்னலுக்கு மிக அருகில், ஆனால் தொடாமல் பிடியுங்கள். தொட்டால் இன்ஜின் அதிர்வு படத்தில் ஏறிவிடும். பிளாஷை அணையுங்கள். வெள்ளைச் சட்டை ஜன்னலில் பிரதிபலிக்கும், கறுப்பு, நீலம் மாதிரி அடர்நிறம் போட்டுக்கொண்டு போங்கள். ஜன்னலின் உட்பக்கத்தைக் கைக்குட்டையால் ஒரு தடவை துடைத்துவிட்டால் யார் யாரோ தலை சாய்த்த எண்ணெய் போகும்.

திரும்பி வரும்போது எந்தப் பக்கம் என்று கேட்பவர்கள் உண்டு. அகத்தியில் காற்று மாறாமல் இருந்தால் ஏறுவதும் இறங்கிய அதே திசையில்தான், ஆகவே அதே பக்கம். வரும்போது எஃப் என்றால் போகும்போதும் எஃப். போர்ட் பிளேரில் அப்படி இல்லை, திசை மாறுவதால் பக்கமும் மாறும். அகத்தியிலிருந்து விமானம் மேலே ஏறியதும் கொச்சி நோக்கித் திரும்பும், சாயும் பக்கத்துக்குத் தீவு இன்னொரு தடவை கிடைக்கும்.

இரண்டாம் தடவை போனபோது அம்மாவுக்கு எஃப் எடுத்துக் கொடுத்தேன். மூன்று நாள் பாதையைப் பார்த்து, தாளில் கோடு போட்டு, காற்றைப் பார்த்து எடுத்தது. லகூன் வந்தது, அம்மா நெற்றியை ஜன்னலில் ஒட்டிக்கொண்டு பார்த்தார். நான் பக்கத்து டி சீட்டிலிருந்து அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். பாதிதான் தெரிந்தது.